வரைபடமும் ஓலைச்சுவடியும்: கர்னல் காலின் மெக்கன்சி (1754–1821)

கிண்டியில் படித்த நம் எல்லோருக்கும் 1794 என்ற எண் மனப்பாடம். கல்லூரி நாள் அழைப்பிதழ், டி-ஷர்ட், சங்கத்தின் லெட்டர்ஹெட் என்று எதை எடுத்தாலும் அந்த எண் இருக்கும். 1794 மே மாதம் மைக்கேல் டாப்பிங் என்பவர் எட்டுப் பையன்களை வைத்துக்கொண்டு சென்னையில் ஆரம்பித்த சர்வே பள்ளிதான் பின்னால் நம் கல்லூரியாக வளர்ந்தது என்பதை, சேர்ந்த முதல் வாரத்திலேயே யாராவது ஒரு சீனியர் சொல்லிவிடுவார். சரி, அந்த எட்டுப் பேரும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் படித்து முடித்து எங்கே போனார்கள்? இன்றைய பாஷையில் கேட்டால், அவர்களுக்கு எங்கே பிளேஸ்மெண்ட் ஆயிற்று? இதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

அவர்களில் பலர் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு மைசூர்ச் சீமைக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஒரு ராணுவ எஞ்சினீயர். பெயர் காலின் மெக்கன்சி. பிற்பாடு 1815-ல் இந்தியா முழுமைக்கும் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனவர். சரித்திரம் படிக்கிறவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் மெக்கன்சி சுவடிகள் என்பார்கள். சர்வே துறைக்காரர்களிடம் சொன்னால் மைசூர் சர்வே என்பார்கள். ஒரே ஆளின் வேலை இப்படி இரண்டு துண்டாகக் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த மனிதர் யார் என்று தெரியும். அவருக்குக் கீழே வேலை செய்த நம் ஆட்கள் யார் என்பதும் அப்போதுதான் தெரியும்.

சுங்க அலுவலகத்திலிருந்து சென்னைக்கு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் லூயிஸ் என்று ஒரு தீவு. காற்றும் மழையும் கடலும்தான் அங்கே பிரதானம். அந்தத் தீவின் துறைமுக ஊரான ஸ்டோர்னோவேயில் 1754-ல் மெக்கன்சி பிறந்தார். அங்கேயே சுங்க இலாகாவில் உத்தியோகம். ஊரோடு இருந்து பென்ஷன் வாங்கியிருக்கலாம். ஆனால் 1783-ல், 29 வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவத்தில் சேர்ந்து சென்னைக்குக் கப்பல் ஏறினார். அதற்குப் பின் 38 வருடம் உயிரோடு இருந்தார். ஒரு தடவைகூட சொந்த ஊருக்குத் திரும்பவில்லை.

இந்தியாவின் மேல் அவருக்கு ஆசை வந்ததற்குக் காரணம் கணிதம் என்றால் ஆச்சரியமாக இருக்கும். லாகரிதத்தைக் கண்டுபிடித்த ஜான் நேப்பியரை நமக்குத் தெரியும். பள்ளியில் கிளார்க்ஸ் டேபிளைப் புரட்டாமல் யார் வந்தோம்? அந்த நேப்பியரின் பரம்பரையில் வந்த ஒரு பிரபு தன் முன்னோரின் வாழ்க்கை வரலாற்றை எழுத நினைத்தார். இந்துக்களுக்கு இந்தக் கணக்குகள் முன்பே தெரியுமா என்று விசாரிக்கும் வேலையில் இளைஞர் மெக்கன்சியைச் சேர்த்துக்கொண்டார். புத்தகம் முடிவதற்குள் பிரபு இறந்துவிட்டார். ஆனால் மெக்கன்சிக்கு அந்தக் கேள்வி விட்டுப்போகவில்லை.

அந்தப் பிரபுவின் மகள் ஹெஸ்டர், கம்பெனி உத்தியோகஸ்தரான சாமுவேல் ஜான்ஸ்டனைக் கல்யாணம் செய்துகொண்டு மதுரையில் குடியிருந்தார். தந்தையின் வேலையைத் தொடர வேண்டும் என்று அவரும் அங்கே பண்டிதர்களைக் கூட்டிப் பேசிக்கொண்டிருந்தார். மெக்கன்சி சென்னைக்கு வந்ததும் மதுரைக்கு வரவழைக்கப்பட்டார். லாகரிதத்தைத் தேடி வந்தவருக்கு மதுரையில் கிடைத்தது வேறு. இந்த நாட்டில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது, ஓலையிலும் கல்லிலும் செம்பிலும் எழுதி வைத்திருக்கிறார்கள், அதைப் படிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள் என்று அங்கேதான் அவருக்குத் தெரிந்தது.

தெரிந்து என்ன பயன்? அவர் பட்டாளத்து ஆள். அடுத்த பத்துப் பதினைந்து வருடம் சண்டையிலேயே போயிற்று. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணம், 1793-ல் புதுச்சேரி, 1796-ல் கொழும்பு. நடுநடுவே ஹைதராபாத் நிஜாமின் சீமையில் சர்வே. படிக்க நேரமும் இல்லை, பணமும் இல்லை. தென்னாட்டுப் பாஷைகளிலும் அவருக்குப் பயிற்சி இல்லை. அந்தக் குறையை அவர் கடைசிவரை மறைத்ததில்லை.

மைசூர் சர்வே

1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு சுல்தான் மாண்டார். மைசூர் ராஜ்யம் பங்கு போடப்பட்டது. பங்கு போடுகிறவர்களுக்கு எல்லை எங்கே என்று தெரிய வேண்டுமல்லவா? அப்போது இருந்த வரைபடங்கள் பட்டாளம் நடந்த பாதையை ஒட்டி வரைந்தவை. பாதைக்கு இரண்டு பக்கமும் பத்து மைல் தள்ளி என்ன இருக்கிறது என்பது வெற்றுக் காகிதம்தான். இந்த வெற்றிடத்தை நிரப்பும் பொறுப்பு மெக்கன்சிக்கு வந்தது.

முறை நமக்குப் பழக்கமானதுதான். சமதரையில் ஓர் அடிக்கோட்டைச் செயினால் மிக ஜாக்கிரதையாக அளக்க வேண்டும். அதன் இரு முனைகளிலிருந்தும் ஒரு குன்றின் உச்சியைத் தியோடலைட்டில் பார்த்துக் கோணம் எடுத்தால் முக்கோணம் கிடைத்துவிடும். அந்த முக்கோணத்தின் பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. இப்படிக் குன்றிலிருந்து குன்றுக்குத் தாவிக்கொண்டே போய், கடைசியில் இன்னோர் அடிக்கோட்டை நேரில் அளந்து கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க வேண்டும். சட்டம் தயாரானதும் பிளேன் டேபிளைத் தூக்கிக்கொண்டு உள்ளே இறங்கி ஆறு, ஏரி, சாலை, கோட்டை, ஊர் என்று நிரப்ப வேண்டும். சர்வே கேம்ப்புக்குப் போன சிவில் நண்பர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. ஆனால் நமக்குப் பத்து நாளில் கேம்ப் முடிந்துவிடும். அவர்கள் ஏறக்குறைய பத்து வருடம் காட்டிலும் மேட்டிலும் சுற்றினார்கள். சுமார் 40,000 சதுர மைல்.

இதே சமயத்தில் அதே வட்டாரத்தில் வில்லியம் லாம்டன் வேறொரு சர்வே ஆரம்பித்தார். 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்து அவர் தொடங்கிய வேலைதான் பின்னால் இமயம்வரை போன மாபெரும் திரிகோணமிதி சர்வே. லாம்டனுக்குப் பூமியின் வடிவம் என்ன என்பதே கேள்வி. மெக்கன்சிக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது என்பது கேள்வி. லாம்டன் எலும்புக்கூட்டைக் கொடுத்தார், மெக்கன்சி சதையைக் கொடுத்தார் என்று சொல்லலாம். லாம்டனுக்குக் கிடைத்த புகழ் மெக்கன்சியின் சர்வேக்குக் கிடைக்கவில்லை.

மெக்கன்சியின் ஆட்கள் ஓர் ஊருக்குப் போனால் இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு வரமாட்டார்கள். வீடு எத்தனை, கிணறு எத்தனை, ஏரி எந்தக் காலத்தது, யார் வெட்டியது, என்ன பயிர், என்ன பாசனம், யார் யார் குடியிருக்கிறார்கள், இதற்கு முன் யார் ஆண்டது என்று எல்லாவற்றையும் விசாரித்து எழுதுவார்கள். வரைபடத்தோடு விவரக் குறிப்பும் சேர்ந்துதான் சர்வே என்பது அவர் கொள்கை. இதற்காகவே சர்வே குழுவில் ஒரு மருத்துவர்–இயற்கை ஆய்வாளரையும் வைத்திருந்தார்கள். முதலில் தாவரவியல் தெரிந்த பெஞ்சமின் ஹெய்ன், பிறகு பன்மொழிப் புலவரான ஜான் லெய்டன்.

லண்டனில் இருந்த கம்பெனி டைரக்டர்களுக்கு இது பிடிபடவில்லை. எல்லைக்கோடு கேட்டால் இந்த ஆள் ஏரியின் கதையை எழுதுகிறானே என்று நினைத்தார்களோ என்னவோ, வேலை சூடு பிடிக்கும் நேரத்தில் செலவைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அவருடைய படியும் குறைந்தது. போதாக்குறைக்குக் காட்டுக் காய்ச்சல் குழுவையே உலுக்கியது. ஆனாலும் அவர் நிறுத்தவில்லை. சரித்திரச் சேகரிப்புக்குக் கம்பெனி பணம் தராத இடங்களில் சொந்தப் பணத்தைப் போட்டார். 1810-ல் அதே டைரக்டர்கள் மைசூர் சர்வேயைப் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். சைட்டில் வேலை பார்க்கிற நமக்கெல்லாம் இந்தக் கதை தெரிந்ததுதானே!

நம் பையன்கள்

இவ்வளவு பெரிய சர்வேயை யார் செய்தது? ஐரோப்பிய அதிகாரிகள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். மற்றவர்கள் சர்வே பள்ளியின் மாணவர்கள். இவர்களில் பெரும்பாலோர் சென்னை ஆண்கள் அனாதை விடுதியிலிருந்து வந்த பிள்ளைகள். ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியத் தாய்மார்களுக்கும் பிறந்து, இரண்டு பக்கமும் உரிமை கோர முடியாமல் நின்றவர்கள். சம்பளம் சொற்பம். பதவியின் பெயரும் சப்-அசிஸ்டென்ட்டுக்கு மேலே போகாது. ஆனால் கோணம் எடுப்பதிலும் பிளேன் டேபிள் போடுவதிலும் தேறியவர்கள். மைசூருக்குப் பின் பெல்லாரி, அனந்தப்பூர், கடப்பை என்று நிஜாம் விட்டுக்கொடுத்த மாவட்டங்களையும் மெக்கன்சியின் மேற்பார்வையில் அளந்ததில் இவர்கள் பங்கு பெரியது.

இவர்கள் பெயர்களை எந்தக் கல்வெட்டிலும் நாம் பொறிக்கவில்லை. ஒருவரையாவது இங்கே சொல்லிவிடுகிறேன். பெஞ்சமின் ஸ்வெயின் வார்ட், 1786-ல் பிறந்தவர். இவர் அனாதை இல்லப் பிள்ளை இல்லை, ஒரு ராணுவ அதிகாரியின் மகன். சிறு பையனாக சர்வே பள்ளியில் சேர்ந்து, மெக்கன்சியின் மைசூர் சர்வேயில் தொழில் பழகினார். பிறகு ராணுவத்தில் அதிகாரி ஆனார். கானர் என்பவரோடு சேர்ந்து திருவாங்கூர், கொச்சி ராஜ்யங்களை முழுதாக அளந்து விவரக் குறிப்பு எழுதினார். 1821-ல் பழனி மலையில் ஏறிக் கொடைக்கானல் பகுதியை அளந்ததும், நீலகிரியை அளந்து குறிப்பு எழுதியதும் அவர்தான். ஹாஸ்டலில் இருந்து டூர் கிளம்பிக் கொடைக்கானலுக்குப் போய்ப் போட்டோ எடுத்துக்கொண்ட நம்மில் எத்தனை பேருக்கு, அங்கே தியோடலைட்டோடு முதலில் போய் நின்றவர் நம்ம சீனியர் என்று தெரியும்?

வார்டின் குறிப்புகளைப் படித்தால் குருவின் கை தெரியும். மலையின் உயரம், ஆற்றின் போக்கு ஆகியவற்றோடு அங்கே இருக்கும் மக்கள், பயிர், பழங்கதை, பாழடைந்த கோட்டை எல்லாம் இருக்கும். விசாரித்து எழுதுவது என்ற பழக்கம் மெக்கன்சியிடமிருந்து நம் பள்ளிப் பையன்களுக்கு இறங்கியது.

காவலி சகோதரர்கள்

அளக்கத் தெரிந்தவர்கள் கிடைத்தார்கள். படிக்கத் தெரிந்தவர்கள்? அந்த விஷயத்தில் மெக்கன்சிக்கு வாய்த்த பாக்கியம் ஏலூரைச் சேர்ந்த காவலி குடும்பம். 1796-ல் இலங்கையிலிருந்து திரும்பியதும் காவலி வேங்கட போரய்யா அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது போரய்யாவுக்கு வயது சுமார் 20. பல மொழி தெரிந்தவர். யாரிடம் எப்படிப் பேசினால் பெட்டியில் இருக்கும் ஓலை வெளியே வரும் என்பதும் தெரிந்தவர். வெள்ளைக்கார அதிகாரி கேட்டால் ஊர் வாயை மூடிக்கொள்ளும். வரி போடத்தான் கணக்குக் கேட்கிறார்கள் என்று பயம். அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது, ஏனென்றால் சர்வே நடந்ததே கம்பெனியின் ஆட்சிக்காகத்தானே. போரய்யா போய் உட்கார்ந்து பேசினால் கதவு திறக்கும். கல்வெட்டுகளில் இருந்த பழைய கன்னட எழுத்தைப் படித்துக் காட்டியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. மலேயூரைச் சேர்ந்த தர்மய்யா என்ற சமணப் பண்டிதரும் இந்த வேலையில் பெரிய துணை.

1803-ல் போரய்யா இறந்துவிட்டார். வயது 30-ஐக்கூடத் தொடவில்லை. இந்திய அறிவுக்குள் தான் நுழைந்த வாசல் போரய்யாதான் என்பதை மெக்கன்சி பல வருடம் கழித்தும் நன்றியோடு எழுதி வைத்தார். தம்பிகள் லட்சுமய்யாவும் ராமசாமியும் அண்ணன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். தலைமை மொழிபெயர்ப்பாளரான லட்சுமய்யா, சேகரிப்பாளர்களை ஊர் ஊராக அனுப்பி வேலை வாங்கினார். நாராயண ராவ், பாபு ராவ், நிட்டல நாயனா, அப்பாவு என்று பல பேர் தெலுங்கு, கன்னட, தமிழ்ச் சீமைகளில் சுற்றினார்கள். எங்கே போனோம், யாரைப் பார்த்தோம், எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று அறிக்கை அனுப்ப வேண்டும். நம்முடைய சைட் ரிப்போர்ட் மாதிரிதான்.

இவர்கள் எழுதி வாங்கிய ஊர் வரலாறுகளுக்குக் கைபீது என்று பெயர். பாளையக்காரர்களின் வம்சம், கோயில் மானியம், ஏரி வெட்டிய கதை, சாதிச் சண்டை, பஞ்சம், படையெடுப்பு எல்லாம் அதில் இருக்கும். எல்லாமே நடந்ததுதான் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பாளையக்காரருக்குத் தன் உரிமையைக் கம்பெனியிடம் நிலைநாட்ட வேண்டிய அவசரம் இருந்தது, அதற்கேற்பக் கதையும் நீளும். ஆனால் 1800 வாக்கில் நம் ஊர்கள் தங்களைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டன என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி குறைவு.

1816-ல் தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் மெக்கன்சியைப் படமாக வரைந்தார். சிவப்புக் கோட்டுடன் அவர் நிற்கிறார். பின்னால் தூரத்துக் குன்றில் கோமடேஸ்வரர் சிலை. சுற்றி மூன்று இந்தியர்கள். ஒருவர் கையில் ஓலைச்சுவடி, இன்னொருவர் கையில் தொலைநோக்கி. ஓலையும் தொலைநோக்கியும் சேர்ந்ததுதான் அவர் செய்த வேலை. கூட இருந்தவர்களை விட்டுவிட்டுத் தன்னை மட்டும் வரையச் சொல்லவில்லை என்பது அந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறது.

ஜாவா, கல்கத்தா

1810-ல் மெக்கன்சி சென்னை மாகாணத்தின் சர்வேயர் ஜெனரல் ஆனார். மறு வருடமே ஜாவா படையெடுப்பில் எஞ்சினீயராகப் போக வேண்டி வந்தது. டச்சுக்காரர்கள் விட்டுப்போன வரைபடங்களையும் ஆவணங்களையும் அங்கே தேடித் தேடிச் சேர்த்தார். பிரம்பனான் கோயில் இடிபாடுகளைப் போய்ப் பார்த்துக் குறிப்பு எழுதினார். நிலவுடைமை பற்றி ஆராயும் குழுவுக்கும் தலைமை தாங்கினார். 58 வயதில் அங்கேயே பெட்ரோனெல்லா பார்ட்டெல்ஸ் என்ற டச்சுக் குடும்பத்துப் பெண்ணைக் கல்யாணமும் செய்துகொண்டார்!

திரும்பி வந்தபின் 1815-ல் மூன்று மாகாணங்களின் சர்வேயர் ஜெனரல் பதவிகளும் ஒன்றாக்கப்பட்டு அவருக்குக் கொடுக்கப்பட்டன. அலுவலகம் கல்கத்தாவில். ஆனால் உடனே கிளம்பவில்லை. அமராவதி ஸ்தூபம் பாக்கி இருந்தது. 1798 வாக்கில் அவர் போய்ப் பார்த்து வெளியுலகுக்குச் சொன்ன இடம் அது. 1816-ல் மறுபடி போய், தன் வரைவாளர்களை உட்கார வைத்துச் சிற்பங்களை ஒவ்வொன்றாக அளந்து வரைய வைத்தார். அவருக்குப் பின் அந்த இடம் என்ன பாடுபட்டது என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் படங்களின் மதிப்பு தெரியும். சிற்பங்கள் இன்று எழும்பூர் அருங்காட்சியகத்திலும் லண்டனிலுமாகச் சிதறிக் கிடக்கின்றன. எது எங்கே இருந்தது என்று சொல்ல அந்த வரைபடங்களே ஆதாரம்.

1817-ல் கல்கத்தா போனார். லட்சுமய்யாவும் உடன் போனார். மூன்று மாகாணத்து வரைபடங்களையும் ஒரே இடத்தில் சேர்த்து, வகைப்படுத்தி, ஒரே முறையில் கொண்டுவர வேண்டும் என்பது புதிய வேலை. சேர்த்த சுவடிகளை ஒழுங்குபடுத்திப் பட்டியல் போட வேண்டும் என்பது சொந்த வேலை. உடம்பு இரண்டுக்கும் இடம் கொடுக்கவில்லை. 1821 மே 8-ம் தேதி காலமானார். கல்கத்தா பார்க் தெரு கல்லறையில் அடக்கம். வாழ்நாள் முழுவதும் சேர்த்தவர், சேர்த்ததை வைத்து எழுத நினைத்த புத்தகத்தை எழுதாமலே போய்விட்டார்.

சேர்த்தது எவ்வளவு, போனது எங்கே?

கம்பெனி அந்தத் தொகுப்பை அவர் மனைவியிடமிருந்து ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. கல்கத்தாவில் எச். எச். வில்சன் பட்டியல் போட்டு 1828-ல் வெளியிட்டார். கணக்கைப் பாருங்கள். இலக்கியச் சுவடிகள் 1,568. ஊர் வரலாறுகள் 2,070. கல்வெட்டுப் படிகள் 8,076. மொழிபெயர்ப்புகள் 2,159. தள வரைபடங்கள் 79. ஓவியங்கள் 2,630. நாணயங்கள் 6,218. சிலைகள் 106. இதர தொல்பொருள்கள் 40. அலுவலக முறையில் அவர் தயாரித்த சர்வே வரைபடங்கள் இந்தக் கணக்கில் இல்லை.

வில்சன் சமஸ்கிருதத்தில் கரை கண்டவர். ஆனால் தமிழ், தெலுங்கு, கன்னடச் சுவடிகளுக்கு அவர் மற்றவர்களைத்தான் நம்ப வேண்டியிருந்தது. தென்னாட்டு மொழிகளில் எழுதிய ஆயிரக்கணக்கான கட்டுகள், அந்த மொழிகள் புழங்காத ஊரில் கிடந்தன. பிறகு தொகுப்பு பிரிந்தது. ஒரு பகுதி லண்டன், ஒரு பகுதி கல்கத்தா, தென்னாட்டு மொழிச் சுவடிகளில் பெரும்பகுதி சென்னை. மைசூர் சர்வே போன்ற பழைய சர்வேகளின் பலன், 1827 முதல் ஓர் அங்குலத்துக்கு நான்கு மைல் கணக்கில் வெளிவந்த அட்லஸ் ஆஃப் இந்தியா தாள்களில் கரைந்தது. வரைபடம் ஒரு பக்கம், விவரக் குறிப்பு ஒரு பக்கம், கைபீது ஒரு பக்கம். சேர்ந்திருந்தால்தான் அர்த்தம் என்று அவர் நினைத்தவை தனித்தனியாகப் போய்விட்டன.

லட்சுமய்யாவின் சங்கம்

மெக்கன்சி போனபின் அந்தத் தொகுப்பை முழுதாக அறிந்தவர் என்று உயிரோடு இருந்தவர் லட்சுமய்யாதான். தம்பி ராமசாமி தன் பங்குக்கு 1829-ல் தக்காணத்துக் கவிஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைப் புத்தகமாக ஆங்கிலத்தில் வெளியிட்டார். லட்சுமய்யா இன்னும் பெரிதாக யோசித்தார். சென்னைக்குத் திரும்பி, இந்து இலக்கியச் சங்கம் என்ற அமைப்பை ஏற்படுத்தித் தலைவரானார். மெக்கன்சி பாதியில் விட்ட ஆராய்ச்சியைச் சங்கத்தின் மூலம் தொடர்கிறோம், அரசாங்கம் உதவ வேண்டும் என்று விண்ணப்பித்தார். உள்ளூர்க்காரர்களே கூடி உள்ளூரின் பழைய ஆவணங்களையும் சரித்திரத்தையும் சேகரித்துப் படிப்பது என்ற எண்ணம் நம்ம சென்னையில் 1830-களிலேயே இருந்தது என்பதை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

விண்ணப்பம் கல்கத்தா ஆசியச் சங்கத்தின் கருத்துக்குப் போயிற்று. அங்கே செயலாளர் ஜேம்ஸ் பிரின்செப், அசோகரின் பிராமி எழுத்தைப் படித்து உலகப் புகழ் பெற்றவர். பழைய எழுத்தைப் படிப்பதற்கு எவ்வளவு உழைப்பும் எத்தனை பேர் துணையும் வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததா? ஆனால் பதில் சாதகமாக வரவில்லை. லட்சுமய்யா சேகரிக்க உதவுவார். ஆராய்ந்து முடிவு சொல்லும் தகுதி அவருக்கு இல்லை, அதற்கு ஐரோப்பியர் ஒருவர் வேண்டும் என்பது அதன் சாரம். வேலை வில்லியம் டெய்லர் என்ற பாதிரியாரிடம் போயிற்று. டெய்லர் உழைத்தார், விவரப் பட்டியல்கள் வெளியிட்டார், அதை மறுக்க முடியாது. ஆனால் ஏறக்குறைய நாற்பது வருடம் இந்த வேலையிலேயே ஊறிய குடும்பத்தின் ஆள் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்.

எனக்கு மெக்கன்சியின் வாழ்க்கையில் மிக முக்கியமான பகுதி இதுதான் என்று தோன்றுகிறது, அது அவர் இறந்தபின் நடந்திருந்தாலும். ஏனென்றால் ஒருவர் அமைத்த வேலை முறை எவ்வளவு தூரம் நின்றது என்பது அவர் போனபின்தானே தெரியும்? அவர் கூடாரத்தில் போரய்யாவுக்கும் தர்மய்யாவுக்கும் சர்வே பள்ளிப் பையன்களுக்கும் இடம் இருந்தது. அவர்கள் இல்லாமல் வேலை நடக்காது என்று அவருக்குத் தெரியும். ஆனால் அது அவர் ஒருவருடைய மனப்பாங்காக நின்றுவிட்டது. கம்பெனியின் விதியாக மாறவில்லை. அவர் கம்பெனியின் ஊழியர். அந்த எல்லையைத் தாண்டி மற்றவர்களுக்கு அவர் வழி செய்துவிட்டுப் போகவில்லை. தலைவர் போனதும் பையன்கள் சப்-அசிஸ்டென்டாகவும் பண்டிதர்கள் உதவியாளர்களாகவும் திரும்பிப் போய்விட்டார்கள்.

பக்கத்துச் சாலையில்

சென்னைக்கு வந்த சுவடிகள் இன்று அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கின்றன. கொங்குதேச ராஜாக்கள், பாளையப்பட்டுகளின் வம்சாவளி போன்றவை இந்தத் தொகுப்பிலிருந்து அச்சேறியவைதான். சேப்பாக்கத்தில் இருந்த அந்த நூலகம் இப்போது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் இருக்கிறது. அதாவது நம் வளாகத்தின் பக்கத்துச் சாலையில். நம் பள்ளியின் முதல் பையன்கள் அளந்த அதே காலத்தில் எழுதி வாங்கிய ஓலைகளும் காகிதங்களும், இரு நூறு வருடம் சுற்றிவிட்டு, கிண்டியிலிருந்து நடந்து போகும் தூரத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

மெக்கன்சியின் சொந்த ஊரான ஸ்டோர்னோவேயில் 2017-ல் அவரைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்தார்கள். சின்னத் தீவுக்காரர்கள், 38 வருடம் திரும்பி வராத தங்கள் ஊர்ப் பிள்ளையை ஞாபகம் வைத்துக் கொண்டாடினார்கள். நாம் வார்டையாவது ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாமா?

இது வெறும் பெருமைக்காக அல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியபோது, எங்கே ஏரி இருந்தது, எந்த வாய்க்கால் எங்கே போயிற்று என்று தேடியவர்கள் பழைய வரைபடங்களைத்தான் எடுத்துப் புரட்டினார்கள். ஏரி என்ற பெயர் மட்டும் மிஞ்சி அதன்மேல் காலனி நிற்கும் இடங்கள் நமக்குத் தெரியாததா? இன்றைக்கு ஜியோமேட்டிக்ஸ் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு சாட்டிலைட் படம் இருக்கிறது, ஜி.பி.எஸ். இருக்கிறது, ட்ரோன் இருக்கிறது. மெக்கன்சி பத்து வருடத்தில் நிரப்பியதைவிட நுணுக்கமாகச் சில வாரங்களில் நிரப்பிவிடுவார்கள். ஆனால் அந்த ஏரியை யார் வெட்டினார்கள், மறுகால் எந்தப் பக்கம், மழை பெய்தால் தண்ணீர் எங்கே தேங்கும் என்பதை எந்த சாட்டிலைட்டும் சொல்லாது. ஊருக்குப் போய், ஒரு திண்ணையில் உட்கார்ந்து, வயதானவர் ஒருவரிடம் கேட்டால்தான் வரும். கேட்டதை எழுதி வைக்க வேண்டும். யார் சொன்னார், யார் எழுதினார் என்று பெயரும் போட வேண்டும்.

பொதுப்பணித் துறையிலும் நெடுஞ்சாலையிலும் சர்வே இலாகாவிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் அண்ணன்மார் பலருடைய வீட்டுப் பரணில் பழைய தாள்களும் நீல அச்சுப் படங்களும் ஃபீல்டு புக்குகளும் சுருண்டு கிடக்கும். அடுத்த முறை வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எந்த ஊர், எந்த வருடம், செயின் பிடித்தவர் யார் என்று ஒரு துண்டுத் தாளில் எழதி அதோடு கட்டி வையுங்கள். கல்லூரியில் இதற்கென்று ஓர் அலமாரி ஒதுக்கி, வாரம் ஒரு மாலை கூடிப் படிக்க நாலு மாணவர்கள் கிடைத்தால் போதும். லட்சுமய்யா கேட்டுக் கிடைக்காமல் போனது அவ்வளவுதான்.